அரசு வேலையை யாரும் அசைக்க முடியாதா? தக்கலைப் பக்கமிருந்து வந்த கேள்விக்குப் பதில்

தக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கை குரூப் 4 தேர்வில் தேறி, ஒன்றரை ஆண்டுக்கு முன் நம் குமரி மாவட்டத்துத் தாலுகா அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தார். தகுதிகாண் பருவம் (புரொபேஷன்) இன்னும் முடியவில்லை. பட்டா மாறுதல் கோப்புகள் சிலவற்றை உரிய காலத்தில் சமர்ப்பிக்கவில்லை என்று ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(அ) விதியின் கீழ் அவருக்குக் குறிப்பாணை (மெமோ) வந்திருக்கிறது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா, "பரீட்சை எழுதி வாங்கிய அரசு வேலையை யாராலும் அசைக்க முடியாது, மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கச் சொல்" என்கிறார். உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அத்தையோ, "தகுதிகாண் பருவத்தில் இருப்பவளை ஒரே தாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று பயப்படுகிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி.

தம்பி, இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. சித்தப்பா சொன்னதில் தவறான பாதி உங்கள் தங்கைக்கு உடனடியாகக் கெடுதல் செய்யக்கூடியது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஓர் அலுவலகத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் ஆறு ஆண்டுகள் கோப்பு எழுதியவன் நான். ஓய்வுக்குப் பிறகு, குறிப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் ஊழியர்களுக்குப் பதில் எழுத உதவி வருகிறேன். ஆகவே மேசையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். வீட்டில் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டால் சங்கதி அதோடு தீர்ந்துவிடும். கோப்பில் அப்படித் தீராது. "நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நிகழாது" என்று ஊழியர் எழுதிக் கொடுத்த தாளை வைத்து, அடுத்த பக்கத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "அன்னார் தம் விளக்கத்தில் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டுள்ளார், எனவே குற்றச்சாட்டு நிரூபணமாகிறது." ஒரே வரி. அதன் கீழே தண்டனை. என் மேசையைக் கடந்த சிறு தண்டனைக் கோப்புகளில் பல இப்படித்தான் முடிந்தன. எழுதிக் கொடுத்தவர்களில் சிலர் உண்மையில் எந்தத் தவறும் செய்யாதவர்கள். அதிகாரியின் கோபம் தணிந்தால் போதும் என்று நினைத்து எழுதியவர்கள். அதிகாரி மாறுதலாகிப் போய்விட்டார். அந்தத் தாள் பணிப்பதிவேட்டில் தங்கிவிட்டது.

நடந்தது நடந்தபடி, தேதி வாரியாக எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்தக் குறிப்பாணை எந்த அளவு கனமானது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு) விதிகளில் 8ஆவது விதி என்னென்ன தண்டனைகள் உண்டு என்று சொல்கிறது. 17ஆவது விதி அவற்றை எந்த வழியில் விதிக்க வேண்டும் என்று சொல்கிறது. கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்துதல், பதவி உயர்வை நிறுத்துதல், அரசுக்கு ஏற்பட்ட நட்டத்தைச் சம்பளத்தில் பிடித்தல் போன்றவை 17(அ) வழியில் வருபவை. குற்றச்சாட்டைச் சொல்லி, விளக்கம் வாங்கி, அதைப் பரிசீலித்து உத்தரவிட்டால் போதும். பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு ஆகிய பெருந்தண்டனைகளுக்கு 17(ஆ) வழி. அதில் குற்றச்சாட்டைத் திட்டவட்டமாக வரைய வேண்டும். அதற்கு அடிப்படையான விவரங்களையும் கொடுக்க வேண்டும். வாய்மொழி விசாரணை வேண்டுமா என்று கேட்க வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். பணிநீக்கத்துக்கும் பணியறவுக்கும் என்ன வேறுபாடு என்று பலர் கேட்பார்கள். பணிநீக்கம் செய்யப்பட்டவர் பிற்காலத்தில் வேறு அரசு வேலைக்கு முயலலாம். பணியறவு என்றால் பொதுவாக அந்தக் கதவும் மூடிவிடும்.

ஆக, உங்கள் தங்கைக்கு வந்திருக்கும் 17(அ) குறிப்பாணையின் முடிவில் அவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள், நிம்மதியாக இருக்கும். அதற்காகச் சிறு தண்டனை சிறியதுதானே என்று விட்டுவிடக் கூடாது. பதவி உயர்வுப் பட்டியல் தயாரிக்கும்போது நடப்பில் உள்ள தண்டனையையும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் தண்டனைகளையும் எடுத்து வைத்துத்தான் பெயரைச் சேர்ப்பதா விடுவதா என்று முடிவு செய்கிறார்கள். உதவியாளர் பதவிக்குப் போக வேண்டிய ஆண்டில் ஒரு கண்டனம் குறுக்கே வந்து, கூடத் தேறியவர்கள் எல்லாரும் முன்னே போய்விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊதிய உயர்வை நிறுத்துவதில் இரண்டு வகை உண்டு. நிறுத்திய காலம் முடிந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடுவது ஒன்று. ஓய்வு பெறும் வரை, ஏன், ஓய்வூதியம் வரையிலும் அந்த இழப்பு தொடர்ந்துகொண்டே போவது மற்றொன்று. இரண்டாவது வகை சிறு தண்டனை அல்ல, முறையான விசாரணை நடத்தாமல் அதை விதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் குல்வந்த் சிங் கில் வழக்கில் சொல்லிவிட்டது. 17(அ) குறிப்பாணையை வைத்துக்கொண்டு அப்படி ஓர் உத்தரவு வந்தால், அது மேல்முறையீட்டில் நிற்காது.

இப்போது தகுதிகாண் பருவம். நேரடி நியமனம் பெற்றவர்களுக்கு, தொடர்ச்சியான மூன்றாண்டுக் காலத்துக்குள் இரண்டாண்டு பணியில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நம் மாநிலத்தில் பொதுவான ஏற்பாடு. பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்கு நடத்தும் அடிப்படைப் பயிற்சியையும் இளநிலை உதவியாளர் முடித்திருக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த அன்று தகுதிகாண் பருவம் தானாக முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். முடிந்தது என்று ஓர் உத்தரவு வெளிவர வேண்டும், அது பணிப்பதிவேட்டில் ஏற வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது ஊழியர்தான்.

இந்தப் பருவத்தில் இருப்பவருக்கு அந்தப் பதவியில் நிலையான உரிமை கிடையாது. வேலை சரியில்லை என்று கண்டால் விடுவிக்கலாம். அத்தை சொன்னது இந்த அளவில் சரி. ஆனால் 1957இல் பர்ஷோத்தம் லால் திங்ரா வழக்கிலும் 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. வேலைத் திறமை போதவில்லை என்று விடுவிப்பது வேறு. ஒரு குற்றத்தைச் சுமத்தி, அந்தக் குற்றத்தையே காரணமாக வைத்து, வெளியில் மட்டும் சாதாரண விடுவிப்பு போலக் காட்டுவது வேறு. இரண்டாவது உண்மையில் தண்டனை. தண்டனை என்றால் விசாரணை வேண்டும், தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கும் வேண்டும்.

இதற்கு எல்லாருக்கும் மனத்தில் பதியும்படியான வழக்கு ஒன்று உண்டு. 1981இல் ஹைதராபாத் தேசியப் போலீஸ் அகாதெமியில் பயிற்சியில் இருந்த ஐ.பி.எஸ். அதிகாரிகள் ஒரு நாள் காலை உடற்பயிற்சிக்குத் தாமதமாக வந்தார்கள். மழை நாள். அதில் அனூப் ஜெய்ஸ்வால் என்பவர்தான் மற்றவர்களைத் தூண்டிவிட்டார் என்று கருதி, அவரைப் பணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். உத்தரவில் குற்றம் என்ற சொல்லே கிடையாது, விடுவிக்கப்படுகிறார், அவ்வளவுதான். 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவின் முகத்திரையை விலக்கிப் பார்த்தது. உள்ளே இருந்தது தண்டனை. விசாரணை இல்லாத தண்டனை செல்லாது என்று அவரைத் திரும்பப் பணியில் சேர்க்கச் சொன்னது. ஆனி, ஆடியில் விடாமல் பெய்யும் நம் ஊர் மழையில் பேச்சிப்பாறைப் பக்கமிருந்தும் ஆறுகாணிப் பக்கமிருந்தும் பஸ் பிடித்து வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் இந்த வழக்கை நான் தவறாமல் சொல்வேன்.

இவை எல்லாவற்றுக்கும் வேர் அரசமைப்புச் சட்டத்தின் 310, 311ஆம் பிரிவுகளில் இருக்கிறது. 310ஐத் தனியாகப் படித்தால் பயமாக இருக்கும். மாநில அரசு ஊழியர் ஆளுநரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார் என்கிறது அது. பிரிட்டிஷ் முடியாட்சியிலிருந்து வந்த கோட்பாடு. அதற்குக் கடிவாளம் போடுவது 311. அதன் முதல் பகுதி, நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் யாரும் பணிநீக்கமோ பணியறவோ செய்யக் கூடாது என்கிறது. இரண்டாம் பகுதி, குற்றச்சாட்டைத் தெரிவித்து, தற்காத்துக்கொள்ள நியாயமான வாய்ப்பு கொடுத்து விசாரிக்காமல் பணியறவு, பணிநீக்கம், பதவி இறக்கம் எதுவும் கூடாது என்கிறது. மாவட்ட ஆட்சியர் கையெழுத்திட்ட நியமன உத்தரவைப் பெற்றவரை வட்டாட்சியர் பணிநீக்கம் செய்ய முடியாது. ஆனால் குறிப்பாணையைக் கீழ்நிலை அதிகாரி கொடுத்தார் என்பதற்காகவே அது செல்லாமல் போய்விடாது. நம் மாநிலத்திலிருந்து போன தவசியப்பன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. "குறிப்பாணை கொடுக்க அவருக்கு அதிகாரமே இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு மற்றக் குற்றச்சாட்டுகளுக்குப் பதிலே சொல்லாமல் விடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

விசாரணை தேவைப்படாத சந்தர்ப்பங்களும் 311இலேயே இருக்கின்றன. குற்றவியல் நீதிமன்றம் தண்டித்த நடத்தைக்காக நடவடிக்கை எடுக்கும்போது. விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாது என்று காரணத்தை எழுதி வைக்கும்போது. நாட்டின் பாதுகாப்பு கருதி விசாரணை உகந்ததல்ல என்று முடிவு செய்யும்போது. 1985இல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு இவற்றை ஏற்றுக்கொண்டது.

சித்தப்பா சொன்ன "யாராலும் அசைக்க முடியாது" என்பதற்குப் பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவின் கீழ் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் பணியறவு செய்யப்பட்டார்கள். தனித்தனி விசாரணை எதுவும் இல்லை. ரங்கராஜன் வழக்கில் 2003 ஆகஸ்ட் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றே சொன்னது. உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு பெரும்பாலானோரைத் திரும்பச் சேர்த்தார்கள். அந்த நாட்களை நாகர்கோவிலில் கண்ணால் கண்டவன் நான். முதல் தேதிச் சம்பளத்தை நம்பிச் சீட்டும் கடனும் வைத்திருந்த வீடுகள் ஒரே இரவில் எப்படி இருண்டு போயின என்பதை மறக்க முடியவில்லை. வேலைநிறுத்த உரிமையே இல்லை என்ற தீர்ப்பின் பகுதியை நான் இன்றும் ஏற்கவில்லை. ஆனால் அதுதான் சட்டமாக நிற்கிறது என்பதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு உதவாது.

அரசு வேலை ஒப்பந்தம் அல்ல, அது ஒரு நிலை என்று 1967இல் ரோஷன்லால் டாண்டன் வழக்கில் சொன்னார்கள். சேரும்போது இருந்த நிபந்தனைகளை அரசு பிறகு விதி வகுத்து மாற்றலாம் என்பது அதன் பொருள். ஓய்வு வயது 58ஆக இருந்தது, 2020இல் 59 ஆனது, 2021இல் 60 ஆனது. யாரும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டதில்லை. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்ததும் அப்படித்தான். எனவே உங்கள் தங்கையின் வேலையை அசைக்க முடியும் தம்பி. அதற்கென்று வகுத்த முறையை விட்டுவிட்டு அசைக்க முடியாது, அவ்வளவுதான். முறையைக் கூர்ந்து கவனித்து, தவறியபோதெல்லாம் எழுத்தில் பதிவு செய்கிறவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். 1990களின் பிற்பாதியில் எங்கள் அலுவலகத்தில் ஓர் அலுவலக உதவியாளரைப் பணியறவு செய்தார்கள். விசாரணை நடந்தது, அறிக்கையும் வந்தது. அதன் நகலை அவருக்குக் கொடுத்து, அதன்மேல் அவர் சொல்வதைக் கேட்ட பிறகே தண்டனையை முடிவு செய்ய வேண்டும் என்று 1993இல் கருணாகர் வழக்கில் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்திருந்தது. 1976இல் வந்த 42ஆவது திருத்தம், தண்டனை குறித்து இரண்டாவது முறை காரணம் கேட்கும் ஏற்பாட்டை எடுத்துவிட்டதால், இனி எதுவும் கொடுக்கத் தேவையில்லை என்ற பழைய எண்ணத்திலேயே எங்கள் பிரிவு இருந்தது. வரைவு உத்தரவை எழுதியவன் நான். நகல் போகவில்லை. நான்கு ஆண்டு வழக்கு நடந்து உத்தரவு ரத்தாகி, நகல் கொடுக்கும் கட்டத்திலிருந்து நடவடிக்கையை மீண்டும் தொடங்கச் சொன்னார்கள். கடைசியில் அவருக்குக் கிடைத்தது ஊதிய உயர்வு நிறுத்தம் மட்டுமே. அந்த நான்கு ஆண்டும் அவர் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினார். ஒரு நகலை உறையில் போட்டு அனுப்பியிருந்தால் அந்த நான்கு ஆண்டு அவருக்கு மிஞ்சியிருக்கும். ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பேனாவின் முனையில் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்குத் தனிக் கனம் உண்டு. இன்று உங்கள் தங்கை உட்கார்ந்திருக்கும் வருவாய்த் துறையில், நூறாண்டுக்கு முன் இங்கே பலருக்கு நுழைய வழியே இல்லை. திருவிதாங்கூரில் கோயில் நிர்வாகம் நில வருவாய்த் துறையோடு சேர்ந்திருந்தது. அதைக் காரணம் காட்டி, அவர்ணர் என்று ஒதுக்கப்பட்டவர்களையும் கிறித்தவர்களையும் முஸ்லிம்களையும் அந்தத் துறையில் சேர்க்கவில்லை. 1922இல் தேவஸ்வம் என்னும் கோயில் நிர்வாகம் தனித் துறையாகப் பிரிந்த பிறகே கதவு திறந்தது. அரசு வேலை யாருக்கு என்பதை வைத்தே 1891இல் மலையாளி மெமோரியல் என்னும் விண்ணப்பமும், 1896இல் டாக்டர் பல்பு முன்னின்ற ஈழவர் மெமோரியலும், 1930களில் நிவர்த்தனம் என்னும் புறக்கணிப்புப் போராட்டமும் எழுந்தன. அதன் விளைவாக 1936 ஜூனில் திருவிதாங்கூருக்கு நோக்ஸ் என்பவர் பொதுப்பணித் தேர்வு ஆணையராக நியமிக்கப்பட்டார். சிபாரிசு இல்லாமல் தகுதியாலும் இட ஒதுக்கீட்டாலும் வேலை என்ற ஏற்பாட்டை இந்த மண் போராடித்தான் பெற்றது.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சி அரசில் வேலை பார்த்த நம் பெரியவர்களுக்கும் இதே கவலைதான். பழைய சம்பளம் என்ன ஆகும், பணிமூப்பு என்ன ஆகும், ஓய்வூதியம் என்ன ஆகும்? மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு அவர்களுக்குக் கைகொடுத்தது. மத்திய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் அவர்களுடைய பணி நிபந்தனைகளை அவர்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று அது சொன்னது. அரசு மாறியது, ஆட்சி மொழி மாறியது, கையேடு மாறியது. உரிமை காகிதத்தில் இருந்ததால் பிழைத்தது.

இனி உங்கள் வீட்டுக் கதைக்கே வருகிறேன். குமரி மாவட்டத்தில் ஒரே வீட்டில் ஒருவர் தாலுகா அலுவலகத்தில், ஒருவர் போக்குவரத்துக் கழகத்தின் ராணித்தோட்டம் பணிமனையில், ஒருவர் உதவிபெறும் பள்ளியில், இன்னொருவர் கீரிப்பாறையிலோ மணலோடையிலோ அரசு ரப்பர் கழகத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருப்பார். கல்யாணப் பேச்சில் எல்லாமே அரசு வேலைதான். சட்டத்தின் கண்ணில் நான்கும் நான்கு வேலை. 311ஆவது பிரிவின் பாதுகாப்பு அரசின் கீழ்க் குடிமைப் பதவி வகிப்பவருக்கு மட்டுமே. போக்குவரத்துக் கழகமும் ரப்பர் கழகமும் அரசுக்குச் சொந்தமான கம்பெனிகள். அங்கே நிலையாணைகள் என்னும் நிறுவனப் பணி விதிகளும் தொழிலாளர் சட்டமும்தான் பேசும். வழக்கும் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். சித்தப்பா தம் அனுபவத்தில் கண்டது அந்த உலகம். அங்கே தொழிற்சங்கம் பேசி முடித்துவைக்கும் பழக்கம் உண்டு, மன்னிப்புக் கடிதத்தோடு சில விவகாரங்கள் முடிந்தும் இருக்கும். அதை அப்படியே தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுவந்ததுதான் பிழை.

தற்காலிகப் பணிநீக்கத்திலும் (சஸ்பென்ஷன்) இந்த வேறுபாடு தெரியும். கம்பெனித் தொழிலாளிக்குத் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். அரசு ஊழியருக்கு அடிப்படை விதி 53இன்படி அரைச் சம்பள விடுப்பில் என்ன கிடைக்குமோ அதுதான் தொடக்கத்தில் கிடைக்கும். பின்னர் மறு ஆய்வில் கூட்டலாம், குறைக்கவும் செய்யலாம். வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்ற சான்றை மாதம்தோறும் கொடுக்க மறந்துவிடக் கூடாது.

அத்தையின் பள்ளிக்கு வேறு சட்டம். 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் சட்டம், ஆசிரியரைப் பணியறவு செய்யக் கல்வித் துறையின் முன் ஒப்புதல் வேண்டும் என்றது. தற்காலிகப் பணிநீக்கத்துக்கும் இரண்டு மாதம், மிஞ்சிப்போனால் இன்னும் இரண்டு மாதம் என்று எல்லை கட்டியது. இப்போது அதன் இடத்தில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கிறித்தவச் சபைகள் நடத்தும் சிறுபான்மைப் பள்ளி என்றால், சிறுபான்மையினர் கல்வி நிலையம் நடத்தும் உரிமையைச் சொல்லும் அரசமைப்பின் 30ஆவது பிரிவும் கணக்கில் வரும். அத்தைக்கு ஏதாவது சிக்கல் என்றால் தனியாகக் கேளுங்கள். ஒரு பள்ளிக்குச் சொன்ன பதிலை இன்னொரு பள்ளிக்குப் பொருத்த முடியாது.

பேரூராட்சியிலும் மருத்துவமனையிலும் தொகுப்பூதியத்தில் பல்லாண்டாக உழைப்பவர்கள் நிலைதான் எல்லாவற்றிலும் வேதனையானது. 2006இல் உமாதேவி வழக்கில் அரசமைப்பு அமர்வு, முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்களை நிரந்தரமாக்கக் கேட்க உரிமை இல்லை என்றது. நீதிமன்ற உத்தரவின் துணையில்லாமல் பத்தாண்டுக்கு மேல் ஒப்புதலளிக்கப்பட்ட பணியிடத்தில் வேலை செய்தவர்களுக்கு மட்டும், ஒரே முறை என்று சொல்லி, ஒரு வாசலைத் திறந்துவைத்தது. அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு உழைப்பைச் சுரண்டக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய ஆறுதல்.

தற்காலிகப் பணிநீக்கம் உங்கள் தங்கைக்கு இப்போது வரக்கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்து வையுங்கள். 17(உ) விதியில் வரும் இது தண்டனை அல்ல, விசாரணைக்கு இடையூறு வராமல் ஒதுக்கிவைப்பது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தனி உத்தரவு இல்லாமலே தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகக் கொள்ளப்படும். மூன்று மாதத்துக்குள் குற்றக் குறிப்பாணை தராவிட்டால் அதை நீட்டிக்கக் கூடாது என்று 2015இல் அஜய் குமார் சவுத்ரி வழக்கில் சொல்லப்பட்டது. தொண்ணூறாவது நாள் உத்தரவு தானாக உதிர்ந்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். மறு ஆய்வு கோரி மனுக் கொடுக்க வேண்டும்.

காலதாமதமும் ஊழியருக்கு ஓர் ஆயுதம்தான். தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தில் 1990இல் நடந்ததாகச் சொன்ன விஷயத்துக்கு 2000இல் குறிப்பாணை கொடுத்ததை, மகாதேவன் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விசாரணையை ஆறு மாதத்தில், அதிகம் போனால் ஓராண்டில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று 2015இல் பிரேம்நாத் பாலி வழக்கில் அறிவுறுத்தியது. ஆனால் தாமதத்துக்கு ஊழியரே காரணமாக இருந்தால் இந்த வாதம் எடுபடாது. நோட்டீஸ் வாங்காமல் ஒளிந்துகொள்வது, விசாரணைக்குப் போகாமல் வாய்தா கேட்டுக்கொண்டே இருப்பது எல்லாம் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதுதான்.

நீதிமன்றம் கடைசிப் படி. மேல்முறையீட்டை முடிக்காமல் நேராக அங்கே போனால், முதலில் மேல்முறையீடு செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பெல்லாம் சென்னையில் இருந்த நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு இங்கிருந்து ஓர் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டும். தீர்ப்பாயம் கலைக்கப்பட்டு வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கு வந்த பிறகு, 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளைதான் குமரி மாவட்டத்து ஊழியருக்கு இடம். காலை ரயிலில் போய் இரவு வீடு திரும்பிவிடலாம். ஆனால் அங்கே சாட்சியை மறுபடி எடை போட மாட்டார்கள். முறை தவறியதா, ஆதாரமே இல்லாமல் முடிவெடுத்தார்களா, மனசாட்சி அதிரும் அளவுக்குத் தண்டனை மிகையா என்றுதான் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கப் போவது நீங்கள் இன்று எழுதிக் கொடுக்கும் தாளைத்தான்.

அந்தத் தாளுக்கு வருவோம். தங்கை முதலில் செய்ய வேண்டியது, குறிப்பாணையில் சொல்லப்பட்ட கோப்புகளின் எண்களையும் தேதிகளையும், தம் இருக்கைக்கு வரும் கோப்புகளை எழுதி வைக்கும் தன்பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. குறிப்பாணையில் எண்ணே இல்லாமல் "சில கோப்புகள்" என்று மட்டும் இருந்தால், எவை என்று தெரிவிக்கும்படியும், சம்பந்தப்பட்ட பதிவேடுகளைப் பார்வையிட அனுமதிக்கும்படியும் உடனே ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். விளக்கத்துக்குக் கூடுதல் கால அவகாசமும் அதிலேயே கேட்கலாம். அடுத்து, அவர் அந்த இருக்கைக்கு வந்த அன்று பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் அதையும், முன்னிருந்தவர் காலத்திலேயே தேங்கிய கோப்புகள் எவை என்பதையும் எழுத வேண்டும். பவானிசாகர் பயிற்சிக்குப் போயிருந்த நாட்கள், தேர்தல் பணி, ஜமாபந்தி எனப்படும் வருடாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கைப் பணி, வேறு இருக்கையின் கூடுதல் பொறுப்பு ஆகியவற்றின் உத்தரவு நகல்களை இணைக்க வேண்டும். நில அளவர் அறிக்கை வராமல் நின்ற கோப்பு என்றால் கேட்டு அனுப்பிய நினைவூட்டின் தேதி வேண்டும்.

உண்மையிலேயே அவர் கவனக்குறைவால் தங்கிய கோப்பு ஒன்றோ இரண்டோ இருந்தால் மறைக்க வேண்டாம். இந்தக் கோப்பு இத்தனை நாள் தாமதமானது, காரணம் இது, இந்தத் தேதியில் முடித்து அனுப்பிவிட்டேன், உள்நோக்கம் எதுவும் இல்லை, பொதுமக்களுக்கோ அரசுக்கோ இழப்பு இல்லை என்று நேராக எழுதலாம். அந்தக் கோப்பின் மறுபக்கத்தில் அருமனையிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ நான்கு முறை நடந்த ஒரு மனுதாரர் இருப்பார் என்பதையும் தங்கை மறந்துவிடக் கூடாது. நியாயமாக நடந்தவருக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கங்களே நன்றாக நின்றிருக்கின்றன.

யார் மேலும் வசைச் சொல் வேண்டாம். மேலதிகாரி வேண்டுமென்றே பழிவாங்குகிறார் என்று ஆதாரமில்லாமல் எழுதினால், அதற்கே இன்னொரு குறிப்பாணை வரும். முடிவில், மேல் நடவடிக்கையைக் கைவிடக் கோருவதோடு, நேரில் கேட்கப்பட விரும்பினால் அதையும் எழுதிவிட வேண்டும். இரண்டு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். கெடு முடிய இரண்டு நாள் முன்னதாகவே ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். கொடுக்க மறுத்தால் அன்றே தபால் நிலையத்துக்குப் போய், சேர்ந்ததற்குச் சான்று கேட்டு விரைவுத் தபாலில் அனுப்பட்டும். அந்தப் பிரதியை அலுவலக மேசையில் வைக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவந்து நியமன உத்தரவு இருக்கும் உறையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.